காய்ந்தாலும் எடுக்காதே

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அன்று மதியம் லாண்டரியின் முன்னறையில் அண்ணியும் நாத்தனாரும் அப்படித்தான் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாய் சண்டை பிடித்தது. கால்கள் அடி தப்பாமல் முன்னும் பின்னும் போய்வந்தன.

"முனையைச் சரியாப் பிடி. கோணலா மடிச்சா நோயாளி கோணலாப் படுப்பான்னு நர்ஸம்மா சொல்லுது" என்றாள் நாத்தனார்.

"நர்ஸம்மா எங்கடீ சொல்லிச்சு? நீ சொல்றே."

"நான் சொன்னா நீ எங்க கேக்கறே? அதான் நர்ஸம்மா பேர்ல சொல்றேன்."

இருவருக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி மற்றவளின் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும் "நீ, வா, போ" மாறவில்லை. "அண்ணி" என்ற சொல் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தது, அதுவும் பாதி கேலியாக. அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கடையை அண்ணி நடத்தினாள். தெரு அவளை லாண்டரிக்கா என்றது. நாத்தனாருக்குக் கஞ்சி என்று பேர். அவள் கஞ்சி போட்ட சட்டை ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும் என்பார்கள். ஆளும் அப்படித்தான், யாருக்கும் வளையமாட்டாள்.

"சரி, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு அழுக்கை எடுத்துட்டு வரேன்" என்று கஞ்சி மடித்த அடுக்கைக் கூடையில் வைத்தாள். "கொடியில கிடக்கறது காய மூணு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துடுவேன்."

"மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். சீர் கொண்டாந்தியான்னு கேப்பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்றது, தெருக்கோடியில் பாதியில் நின்றுபோன ஆறு மாடிக் கட்டடத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த ஆளை. அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவன் பக்கம் போகும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறோம், அப்படியானால் அவன் மாப்பிள்ளைதானே என்று அந்தப் பேரை வைத்தவளும் கஞ்சிதான். பயத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் அடங்கி உட்காரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

ஊருக்குள் சண்டை மூண்டு, மின்சாரம் போய் இருபது நாளாகியிருந்தது. லாண்டரியில் துணி உலர்த்தும் எந்திரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. கொல்லைப்புறம் இடிந்து கல்லும் மண்ணுமாகிவிட்டது. மொட்டைமாடிக்குப் போனால் மாப்பிள்ளை உயிரோடு இறங்க விடமாட்டான். ஆஸ்பத்திரியிலோ விரிப்பு இல்லாமல் வெறும் கட்டிலில் ஆட்களைப் போட்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல்தான் லாண்டரிக்கா தன் மாடிப்படி சன்னலிலிருந்து எதிர்ச்சாரி ரொட்டிக்கடைச் சுவர்வரை, தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டினாள். இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி, நடுவே வளையமாக ஒரே கயிறு. சன்னலில் நின்றபடி கிளிப் போட்டு மாட்டி, மேல் கயிற்றை இழுத்தால் துணி தானாக எதிர்ப்பக்கம் போகும். மூன்று விரிப்பை நீளவாக்கில் தொங்கவிட்டால் தெரு முழுக்க அடைபட்டுவிடும். அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழம்தான் இடைவெளி.

அவளுக்குத் துணி காய வேண்டும், அவ்வளவுதான். தானம், தர்மம் என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை.

முதல் நாளே ரொட்டிக்காரர் ஒன்றைக் கவனித்தார். விரிப்பு தொங்கும்போது மாப்பிள்ளையின் கண்ணுக்குத் தெரு தெரியவில்லை. அவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, விரிப்பை ஒட்டினாற்போல் ஓடி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "அக்கா, நாலு நாளா இந்தப் பக்கத்துக்கு ரொட்டி குடுக்க முடியல. வாளியில ரொட்டிதான் இருக்கு" என்றார். குடிநீர்க் குழாயும் ஆஸ்பத்திரி வாசலும் அந்தச் சாரியில். வீடுகளில் பாதி இந்தச் சாரியில். மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்: "அக்கா, இன்னிக்கு எத்தனை மணிக்குத் துணி போடுவீங்க?"

துணியை மாட்டுவது லாண்டரிக்காவின் வேலை. எடுப்பது கஞ்சியின் வேலை. எடுக்குமுன் அவள் சன்னலில் நின்று இரண்டு சாரிக்கும் கேட்கும்படி, "யாராவது அந்தப் பக்கம் இருந்தா வந்து சேருங்க, மாப்பிள்ளைக்குத் திரை விலக்கப் போறேன்!" என்று கத்துவாள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் கயிற்றில் கை வைப்பாள்.

அன்று கஞ்சி அந்தப் பக்கம் இருந்தாள்.

லாண்டரிக்கா கீழே சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு மேலே வந்தாள். நர்ஸம்மா கேட்ட தலையணை உறைக்குத் துணி எங்கே கிடைக்கும் என்று மனம் அலைந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மேகம். சின்னதுதான், ஆனால் கறுப்பு. கையை நீட்டி விரிப்பின் ஓரத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. நன்றாகக் காய்ந்து, வெயில் வாசனை அடித்தது.

பதினெட்டு வயதிலிருந்து துணியோடு கிடப்பவள். காய்ந்த துணியும் மேகமும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் அவள் கை அவளைக் கேட்காது. மண்டையில் தலையணை உறை ஓடிக்கொண்டே இருக்க, கை கயிற்றை இழுத்தது. கப்பி கிறீச்சென்றது. முதல் விரிப்பு வந்தது, கிளிப்பைப் பிடுங்கிப் பல்லில் கவ்விக்கொண்டாள். இரண்டாவது வந்தது. மூன்றாவதை மார்போடு அணைத்து இழுத்து உள்ளே போட்டாள். போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

தெரு அம்மணமாகக் கிடந்தது.

நடுத்தெருவில் கஞ்சி வந்துகொண்டிருந்தாள். தலையில் அழுக்குத் துணி மூட்டை. மூட்டை புருவம்வரை இறங்கிக் கண்ணை மறைத்திருந்தது. மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? மூணு மணி நேரம் இன்னும் ஆகவில்லை. துணி இருக்கும்.

லாண்டரிக்கா கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையக் கிளிப்.

ஒரு சத்தம் கேட்டது. மரக்கிளை முறிகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. மூட்டை உருண்டது. தெரு நடுவில் சக்கரம் கழன்று கிடந்த ரொட்டி வண்டிக்குப் பின்னால் கஞ்சி விழுந்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று தெரியவில்லை. மறு சத்தத்தில் வண்டிப் பலகையிலிருந்து சிராய் தெறித்தது.

சன்னலுக்குக் கீழே லாண்டரிக்கா சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கிளிப்புகள் படியில் உருண்டு இறங்கும் சத்தம் மட்டும் காதில் விழுந்தது, டொக், டொக், டொக் என்று, கடைசிப் படிவரை.

"அண்ணி!" கஞ்சியின் குரல். "அண்ணி, ஒண்ணுமில்லை! மூட்டையிலதான் பட்டுச்சு!"

"கஞ்சி…"

"மூட்டைதான்னு சொல்றேன்ல. ஆஸ்பத்திரித் துணி ஓட்டையாப் போச்சு. நர்ஸம்மாவுக்கு நீ பதில் சொல்லு."

எதிர் மாடியிலிருந்து ரொட்டிக்காரர் குரல் கொடுத்தார். "அக்கா! ஒரு துணியாவது மாட்டுங்க! நான் இந்தப் பக்கமிருந்து இழுத்துடறேன்!"

மாட்ட வேண்டும். அதற்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் சன்னலுக்கு வெளியே நீட்டி, விரிப்பின் ஒரு முனையைக் கயிற்றில் வைத்து, கிளிப் போட வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. தூக்கத்தில்கூடச் செய்வாள். இப்போது கை வரவில்லை. கையைப் பார்த்தாள். மடியில் இரண்டு கையும் யாருடையதோ போல் மல்லாந்து கிடந்தன. வெளியே நீட்டினால் அவனுக்குத் தெரியும். முதலில் விரல் தெரியும், பிறகு மணிக்கட்டு, கிளிப்பை அழுத்தக் குனியும்போது தலை. புடவை நனைந்தது. பயத்தில் நனைந்தது என்பது அவளுக்குப் புரிந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லாமல் அது பாட்டுக்கு நடந்தது.

"அண்ணி, கிளிப்பைப் பல்லுல கடிச்சுட்டு நிக்கிறியா? துப்பிட்டு வேலையைப் பாரு."

"வரேன்டீ. இரு. வரேன்."

"மெதுவா வா. நான் எங்கயும் போகலை."

காய்ந்த துணியை மாட்டினால் காற்றில் மேலே பறக்கும். ஈரமாக இருந்தால்தான் கனத்தில் தொங்கும். அதுவரை யோசிக்க முடிந்தது அவளால். படிக்கட்டிலிருந்த தண்ணீர் வாளியைக் காலால் இழுத்து, விரிப்பை அதில் அமுக்கினாள். எடுத்தாள். பிழிந்தாள். ஆம், பிழிந்தாள். நடுத்தெருவில் நாத்தனார் கிடக்க, சொட்டுத் தண்ணீர் வராத அளவுக்கு அந்த விரிப்பை முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள், கஞ்சி வழக்கமாகத் திட்டுவாளே, "பிழியறதுல சோம்பல் படாதே" என்று, அதற்குப் பயந்தவள் போல. முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மறுபடி வாளியில் போட்டு நனைத்தாள், மேல்படியில் தங்கிக் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, நாம படிக்கிறப்போ டீச்சர் உன்னைக் கடைசி பெஞ்சுல போட்டாங்களே, ஏன் தெரியுமா?"

"ஏன்டீ?"

"எந்திரிச்சு நிக்கச் சொன்னா ஒரு மணி நேரம் ஆகும் உனக்கு."

குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. தூரம் என்று நினைத்துக்கொண்டாள் லாண்டரிக்கா. அதற்கு மேல் நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை.

எழுந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்; தான் பார்க்காவிட்டால் அவனும் பார்க்கமாட்டான் என்கிற பூனையின் நினைப்பு. கையை நீட்டினாள். கயிறு விரலில் பட்டது. ஒரு கிளிப். சன்னல் கட்டை வெடித்துக் கன்னத்தில் சிராய் ஏறியது. இரண்டாவது கிளிப். "இழுங்க!" என்றாள். கப்பி கிறீச்சிட்டது. எதிர்ப்பக்கம் ரொட்டிக்காரர் கிணற்றில் நீர் இறைப்பதுபோல் இழுத்தார். இரண்டாவது விரிப்பு. மூன்றாவது. நனைத்து, சொட்டச் சொட்ட, பிழியாமல். தெரு மறைந்தது.

ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் குனிந்தபடி ஓடினார்கள். வண்டிக்குப் பின்னால் போனவர்கள் உடனே எழுந்து வரவில்லை. ரொட்டிக்காரர் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் லாண்டரிக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. மூட்டையில் ஓட்டையே இல்லை. முதல் குண்டே விலாவில் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கஞ்சியைப் படுக்கவைத்த கட்டிலில் அவள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்த விரிப்புதான் விரித்திருந்தார்கள். மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை, குறுக்கும் நெடுக்குமாக நேராக இருந்தது. "பாரு, கோணல் இல்லை" என்றாள் கஞ்சி. பிறகு பேசவில்லை. சூரியன் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த மேகம் வந்த வழியே போய்விட்டது. மழை பெய்யவில்லை.

தெருவுக்குத் திரும்பியபோது ரொட்டிக்கடை உள்ளறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். தெருப் பக்கத்துச் சன்னலைத் திறக்கும் பழக்கம் அந்த நாளில் யாருக்கும் கிடையாது. அதனால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. எப்படி, எப்படி என்று கேட்டார்கள்.

ரொட்டிக்காரர் கையில் ஒரு முழம் கயிறு இருந்தது. "குண்டு பட்டுக் கயிறு அறுந்துடுச்சு. மூணு துணியும் கீழே போச்சு. அக்காதான் உயிரைக் குடுத்து மறுபடி முடிச்சுப் போட்டுக் கட்டினாங்க" என்றார்.

லாண்டரிக்கா வாயைத் திறந்தாள்.

"அக்கா, மொதல்ல தண்ணி குடிங்க" என்று அவர் தம்ளரை நீட்டினார். கண் அவள் கண்ணைவிட்டு நகரவில்லை.

அவள் குடித்தாள். அந்த ஒரு தம்ளர் தண்ணீரோடு சொல்ல வந்ததும் உள்ளே போயிற்று.

மறுநாள் அவள் கொடி பக்கமே போகவில்லை. சன்னலைச் சாத்தி, படியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். மதியம் கதவு தட்டப்பட்டது. ரொட்டிக்காரர் மனைவி, இடுப்பில் வாளியோடு. வாளியில் அவர்கள் வீட்டுத் திரைச்சீலை, ஈரமாக. எப்படி வந்தாள் என்று பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு புடவையைக் கொடியில் விட்டிருந்தார்கள். காற்றில் அவை கொடியைச் சுற்றிக்கொண்டு பாதி தெரு திறந்து கிடந்தது. அதற்கு நடுவே ஓடி வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இந்தச் சாரித் தையல்காரர், தன் மேசை விரிப்போடு. கணக்கு டீச்சர், கட்டில் விரிப்போடு.

"குழாயடிக்குப் போகணும்க்கா. எங்க மாமியாருக்குத் தண்ணி இல்லை" என்றார் டீச்சர், மன்னிப்புக் கேட்பதுபோல். "நீங்க கீழேயே இருங்க. எப்படி மாட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க."

லாண்டரிக்கா சொல்லிக்கொடுத்தாள். பிழியக் கூடாது. நீளவாக்கில் போட வேண்டும். ஓரம் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். காயக் காய சன்னலிலிருந்து குவளையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைசியில் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் டீச்சரின் வளையல் நசுங்கியது.

"காய்ஞ்சாலும் எடுக்காதீங்க" என்றாள். "என்ன ஆனாலும் சரி. காய்ஞ்சாலும் எடுக்காதீங்க."

சரிக்கா, சரிக்கா என்றார்கள். துக்கத்தில் இருப்பவள் சொல்கிறாள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எடுக்கவில்லை. அன்றிலிருந்து விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை தெருவில் துணி தொங்கியது. தண்ணீர் தெளிக்க வீட்டுக்கு ஒரு மணி நேரம் முறை வைத்தார்கள். முறைக்கு வந்தவர்கள் படிக்கட்டில் சும்மா உட்காராமல் யார் வீட்டில் மருந்து இல்லை, யாரால் நடக்க முடியாது என்று பேசினார்கள். பேசியதை எடுத்துப்போய்ச் செய்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் சுவர் ஓட்டை வழியாக வந்து, எப்படி என்று கேட்டுப் போனார்கள். கயிறும் கப்பியும் எங்கே கிடைக்கும் என்று சொல்லும்போதே அந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். பதினேழு மாதத்தில் பதினொரு தெருக்களில் திரை தொங்கியது. லாண்டரிக்காவும் தன் முறை வரும்போது குவளையோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் பயந்தாள். காய்ந்த ஓரத்தில் விரல் படும்போதெல்லாம் கையைச் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

சண்டை ஓய்ந்த பிறகு அதற்கு விரிப்புச் சங்கம் என்று பேர் வைத்து, ரொட்டிக்கடையின் பின்கட்டில் ஒரு கூடம் கட்டினார்கள். நோயாளிகளுக்குத் துணி, முதியவர்களுக்கு ரொட்டி, வீட்டைவிட்டு இறங்க முடியாதவர்களுக்கு ஆள் துணை. இன்றும் நடக்கிறது. வாசலுக்கு மேல் கல்லில் "காய்ந்தாலும் எடுக்காதே" என்று செதுக்கியிருக்கிறது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு முழக் கயிறு. "எதிரியின் குண்டு அறுத்த கயிறு" என்று கீழே அட்டை.

வருஷா வருஷம் கூட்டம் போடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அன்பு காய்ந்து போனாலும் கொடுத்த கையை எடுக்காதே என்பது இதன் உட்பொருள்" என்று முக்கால் மணி நேரம் விளக்குவார். ஒரு வருஷம் வந்த விருந்தாளி, கண்ணீர் காய்ந்தாலும் என்று ஆரம்பித்து எங்கோ போய்விட்டார். லாண்டரிக்கா முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பாள். யாராவது ஒருவன் எழுந்து, "அது சரி, துணி காய்ந்தால் எடுக்காதே என்று எதற்காகச் சொன்னார்கள்? யாராவது எடுத்தார்களா?" என்று கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு வருஷமும் காத்திருப்பாள். மாப்பிள்ளைக்குப் பயந்ததைவிட அந்தக் கேள்விக்குப் பயந்தாள். அவன் என்றைக்கோ போய்விட்டான். கேள்வி போகவில்லை.

இருபத்திரண்டு வருஷம் கழித்து ரொட்டிக்காரரின் மகள் வந்தாள். சங்க மலர் போடுகிறார்களாம். ரொட்டிக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் கண்ணை மூடியிருந்தார், அவர் மனைவி அவருக்கும் முன்பே.

"அத்தை, நீங்கதான் எழுதணும். எப்படி ஆரம்பிச்சதுன்னு. இனிமே நேர்ல பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

லாண்டரிக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு மேசைமேல் வைத்தாள். அன்று சன்னலுக்குக் கீழே கிடந்த மாதிரியே கை மடியில் மல்லாந்து கிடந்தது.

"கயிறு அறுந்து போகலை" என்றாள். "நான்தான் எடுத்தேன். காய்ஞ்சிருந்துச்சு. மேகம் வந்துச்சு. அவ வெளியில இருக்கான்னு மறந்துட்டு எடுத்துட்டேன். அப்புறம் மறுபடி மாட்டப் பயந்து உக்காந்துட்டேன்."

மகள் மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள்.

"அந்தக் கயிறை அறுத்தது ரொட்டி வெட்டற கத்தி அத்தை" என்றாள். "குண்டு பட்டா கயிறு பிசிர் பிசிராப் போகும். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதைப் பாருங்க, ஒரே வெட்டு. எனக்கு எட்டு வயசுலயே தெரியும். அப்பாகிட்ட கேட்டேன். அக்கா அவங்களா சொல்றவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னாரு."

"உங்கம்மாவுக்கும் தெரிஞ்சிருந்துச்சா?"

"அம்மாதான் கத்தியைக் கழுவி வெச்சாங்களாம்."

லாண்டரிக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி வெகுநேரம் நீடித்தது. மகள் எழுந்து உள்ளே போய், காய்ந்து கிடந்த துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்துவந்து, இரண்டு முனையை அவள் கையில் கொடுத்தாள். "பிடிங்க அத்தை." இரண்டு பேரும் இழுத்து, உதறி, நடந்து வந்து முனை சேர்த்தார்கள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

மலருக்கு அவள் எழுதிக் கொடுத்தாள், நடந்ததை நடந்தபடி. போடுவதா வேண்டாமா என்று கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியின் அட்டையை யாரும் மாற்றவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது வெறும் வானம்.

அந்தத் தெருவில், நல்ல வெயில் இருந்தால், ஒரு விரிப்பு காய மூன்று மணி நேரம்தான் ஆகிறது.